ஐந்தாம் மாடியின் பதினான்காவது குளியலறை

தொழிற்பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போகவேண்டும் என்று நான் சொன்னபோது அம்மா செலவைப் பற்றிக் கேட்கவில்லை. தங்கும் இடத்தைப் பற்றியும் கேட்கவில்லை. "அங்கை பொம்பிளைப் பிள்ளையள் எத்தினை பேர்?" என்றுதான் கேட்டார். நான் ஒரு பொய் சொன்னேன். "நாலைஞ்சு பேர் இருப்பினம் அம்மா." உண்மையில் அந்த இடத்துக்குத் தெரிவானவள் நான் ஒருத்திதான்.

நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பொறியியல் பீடத்தில் குடிசார் பொறியியல் படித்தேன். பட்டம் பெறுவதற்கு முன்னர் ஒவ்வொரு மாணவரும் ஏதாவதொரு நிறுவனத்தில் சில காலம் வேலை பழகவேண்டும். வெளிநாடுகளில் இதைக் கோடை விடுமுறையில் செய்வார்களாம். எங்களுக்குக் கோடைக்கென்று தனியாக விடுமுறை ஏது? வெயில் மட்டும்தான் வரும். இரண்டு அரையாண்டுகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் போவோம். நான் போனது 2024 ஜூன் மாதத்தில். 12 வாரங்கள்.

என் சிநேகிதிகளுக்கு வீதி, பாலம், குளக்கட்டு என்று கிடைத்தது. எனக்குக் கிடைத்தது கட்டடச் சேவைகள். கடிதத்தைப் பார்த்த சித்தி, "கட்டடத்துக்கு என்ன சேவை? கூட்டித் துடைக்கிறதோ?" என்று கேட்டார். எனக்கும் அப்போது ஒழுங்காக விளங்கப்படுத்தத் தெரியவில்லை.

மூன்று வருடங்களாக நான் படித்த கட்டடம் தூண், வளை, தட்டு, சுவர், கூரை என்பவற்றோடு முடிந்துபோனது. ஆனால் அதற்குள் மனிதர் இருக்கவேண்டுமென்றால் தண்ணீர் வரவேண்டும். கழிவுநீர் போகவேண்டும். வெளிச்சம் வேண்டும், மூச்சுவிடக் காற்று வேண்டும், நெருப்புப் பிடித்தால் தப்பி ஓட வழி வேண்டும். இவை எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துப் பொருத்திச் சோதித்துக் கொடுப்பதுதான் இந்த வேலை. எங்களுடைய பெண்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. தறப்பாள் கொட்டிலிலும் முகாமிலும் இந்த ஐந்து விடயங்களுக்காகத்தானே நாள் முழுவதும் அலைந்தோம்.

நான் போன இடம் கொழும்புக்கு வெளியே கட்டப்பட்டுக்கொண்டிருந்த எட்டு மாடி வைத்தியசாலைக் கட்டடம். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். வெள்ளவத்தையில் ஓர் அறையில் வேறு மூன்று பிள்ளைகளுடன் தங்கி, காலை ஆறு மணிக்கு பஸ் எடுத்துப் போவேன். முதல் நாள் எனக்கு ஒரு மஞ்சள் ஹெல்மற்றும், ஆணின் அளவில் ஒரு சோடி சப்பாத்தும் தந்தார்கள். இரண்டு சோடி காலுறை போட்டுத்தான் அந்தச் சப்பாத்துக்குள் கால் நின்றது.

பொறுப்பான பொறியியலாளரை எல்லோரும் சேர் என்றே கூப்பிட்டோம். கண்டிப்பானவர். ஆங்கிலமும் சிங்களமும் கலந்து வேகமாகப் பேசுவார். முதல் நாள் அவர் சொன்னது இதுதான்: "நோயாளி தூணையும் சுவரையும் பார்ப்பதில்லை. குழாயில் தண்ணீர் வராதபோது, மின்தூக்கி நடுவில் நிற்கும்போதுதான் கட்டடத்தைப் பார்ப்பான். அதனால் எங்களை யாரும் பாராட்டமாட்டார்கள். ஏசுவதற்கு மட்டும் தேடுவார்கள்."

குழாய் வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் அறுபதை அண்டிய ஒரு சிங்கள மனிதர். அவரை பாஸ் உன்னே என்பார்கள். என்னை மற்றவர்கள் மிஸ் என்று கூப்பிட, அவர் மட்டும் துவ என்பார். மகள் என்று அர்த்தம். எனக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழில் பத்துச் சொல்லும் வராது. அப்படியிருந்தும் முதல் மூன்று வாரத்தில் நான் படித்ததில் பாதி அவரிடம் படித்ததுதான்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியைக் காட்டி, அது ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும் என்று ஒருநாள் கேட்டார். புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். ஒவ்வொரு 10 மீற்றர் உயரத்துக்கும் தண்ணீரின் அமுக்கம் ஏறத்தாழ 1 பார் கூடும். தாங்கிக்குக் கிட்ட உள்ள மேல்மாடிக்குத்தான் அமுக்கம் போதாது, அதற்குப் பம்பி வைக்கவேண்டும். கீழ்மாடிக்கு அமுக்கம் மிஞ்சிவிடும், அதைக் குறைக்க வால்வு போடவேண்டும். அவர் தலையாட்டினார். எனக்கு ஏ9 வீதியோரம் சரிந்து கிடந்த கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கி நினைவுக்கு வந்தது. பாடசாலைக் காலத்தில் பஸ்சில் இருந்து எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். தெற்கிலிருந்து வருபவர்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள். அந்தத் தாங்கி நின்றிருந்தால் எத்தனை வீட்டுக் குழாய்களில் எவ்வளவு அமுக்கத்தில் தண்ணீர் வந்திருக்கும் என்று அன்றிரவு இருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

காற்றைப் பற்றிய வேலைதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் எடுக்கும் காற்றைவிடக் கூடுதலான காற்றைச் செலுத்துவார்கள். அப்போது கதவைத் திறந்தாலும் உள்ளே இருக்கும் சுத்தமான காற்று வெளியே தள்ளுமே தவிர, வெளிக்காற்று கிருமியோடு உள்ளே வராது. காசநோய் போன்ற தொற்றுநோய்க்காரரின் அறைக்கு இது அப்படியே மறுதலை. அங்கே காற்று உள்ளே மட்டும் போகவேண்டும். கதவிடுக்கில் ஒரு மெல்லிய தாளைப் பிடித்தால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். இவ்வளவு பெரிய இயந்திரங்களைப் பொருத்திவிட்டு, கடைசியில் ஒரு துண்டுத் தாளைப் பிடித்துப் பார்ப்பது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

ஒரு மனிதருக்கு விநாடிக்கு ஏறத்தாழ 10 லீற்றர் வெளிக்காற்று வேண்டும் என்று கணக்கு வைப்பார்கள். அதைக் குறிப்பேட்டில் எழுதியபோது எங்கள் பங்கர் நினைவு வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா, அப்பா, அம்மம்மா, சித்தி, தம்பி, நான். ஆறு பேர். உள்ளே போத்தல் விளக்குக் கொளுத்தினால் அப்பா உடனே, "அணை, அணை, மூச்சு முட்டும்" என்பார். இருட்டுக்குப் பயந்து நான் அழுவேன். அப்பா எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆறு பேருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் பங்கர் வாசலை எந்தப் பக்கம் திருப்பி வெட்டினால் காற்று உள்ளே இறங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னும் சில விடயங்கள் எழுத ஆசை, ஆனால் இடம் போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெரிய கட்டடங்களில் தீயணைப்புக்காக முகட்டில் சிறிய தண்ணீர்த் தெளிப்பான்கள் இருக்கும். ஒவ்வொன்றின் வாயையும் ஒரு கண்ணாடிக் குமிழ் அடைத்துப் பிடித்திருக்கும். குமிழுக்குள் இருக்கும் திரவம் சிவப்பு நிறமானால் 68 பாகை செல்சியசில் அது வெடித்துத் தண்ணீர் கொட்டும். படங்களில் காட்டுவதுபோல எல்லாம் ஒரேயடியாகத் திறப்பதில்லை. சூடு பட்டது மட்டும்தான் திறக்கும்.

அதைவிட உங்களுக்கு உடனே உதவக்கூடிய ஒன்றும் உண்டு. வீட்டுத்திட்ட வீடுகளில் மின்சாரப் பெட்டிக்குள் ஒரு றிப் சுவிற்ச் இருக்கிறதல்லவா? அதில் சிறிய சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதத்துக்கு ஒருதடவை அதை அமத்திப் பாருங்கள். உடனே விழவேண்டும். விழாவிட்டால் மின்சார வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். 30 மில்லி அம்பியர் ஒழுகினாலே விழவேண்டியது அது. அது வேலைசெய்யாத வீட்டில் ஈரக்கையோடு பிள்ளை வயரைத் தொட்டால் காப்பாற்ற வேறொன்றும் இல்லை. எங்கள் வீட்டில் நான் அமத்திப் பார்த்தபோது அது விழவில்லை. எத்தனை வருடம் அப்படியே இருந்ததோ தெரியாது.

இனி நான் எழுத வந்த விடயத்துக்கு வருகிறேன்.

அந்தக் கட்டடத்தில் வேலைசெய்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் ஆண்கள். அவர்களுக்குத் தற்காலிகமாக இரண்டு மாடிக்கு ஒன்றாகக் கழிப்பறை வைத்திருந்தார்கள். பெண்களுக்கு இருந்தது ஒன்றே ஒன்று, வாசலுக்குக் கிட்ட அலுவலகக் கட்டடத்தில். அதன் சாவி ஒரு எழுதுவினைஞரின் மேசையில் இருக்கும். நாலு ஆண்கள் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, சாவியைக் கேட்டு வாங்கவேண்டும். ஐந்தாம் மாடியிலிருந்து இறங்கிப் போய்வர அரை மணித்தியாலம் செல்லும். முதல் வாரத்திலேயே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தண்ணீர் குடிப்பதை விட்டேன். காலையில் ஒரு வாய் தேத்தண்ணீர். பிறகு மாலை அறைக்கு வந்துதான் குடிப்பேன். இது எனக்குப் பழக்கமில்லாத விடயம் அல்ல. 2009இல் செட்டிகுளம் முகாமில் அம்மாவும் சித்தியும் இருட்டும் வரைக்கும் குடிக்காமல் இருந்ததைப் பார்த்தவள்தானே. ஆனால் அது 2009. இது 2024. அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

ஐந்தாவது வாரம். ஐந்தாம் மாடிக் குழாய்களுக்கு அமுக்கச் சோதனை செய்ய ஏற்பாடாகியிருந்தது. இதை எப்படிச் செய்வதென்றால், குழாய்களின் திறந்த வாய்கள் எல்லாவற்றையும் மூடிபோட்டு அடைப்பார்கள். பிறகு மெல்ல மெல்லத் தண்ணீர் விட்டு உள்ளே உள்ள காற்றை வெளியேற்றுவார்கள். அதன்பின் கைப்பம்பியால் அமுக்கத்தை ஏற்றி, இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். குழாய் இயங்கவேண்டிய அமுக்கத்தின் ஒன்றரை மடங்குக்கு ஏற்றவேண்டும். எங்களுடையது 6 பார், ஆகவே சோதனை 9 பாரில். முதல் நாள் மாலை தண்ணீர் விட்டு, மறுநாள் காலை அமுக்கம் ஏற்றுவது திட்டம்.

தண்ணீர் விடுவதற்கு முன்னர் ஒவ்வொரு குளியலறையாகப் போய், எல்லா வாயும் மூடியிருக்கின்றனவா என்று பார்த்து, ஒரு தாளில் அடையாளம் இட்டுக் கையெழுத்து வைக்கவேண்டும். அந்த வேலையை சேர் என்னிடம் தந்தார். பயிற்சிக்கு வந்தவளை நம்பி ஒரு தாளில் கையெழுத்து வைக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த மாடியில் 14 குளியலறைகள். பதின்மூன்றைப் பார்த்துவிட்டேன். பதினான்காவது நடைபாதையின் மற்ற அந்தத்தில், சாரம் கட்டிய இடத்தைத் தாண்டிப் போகவேண்டும். மணி நாலரை. காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. தலையிடி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடிவயிறு இரண்டு நாளாக எரிந்துகொண்டிருந்தது. பாஸ் கவனமான மனிதர், பதின்மூன்றையும் ஒழுங்காக அடைத்தவர் இதை மட்டும் விட்டிருப்பாரா என்று நினைத்தேன். பதினான்குக்கும் அடையாளம் போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

காலையில் நான் போனபோது நாலாம் மாடியில் ஆட்கள் கூடி நின்றார்கள். நடைபாதையின் முகட்டுப் பலகைகள் ஊறி, சில கீழே விழுந்து சோற்றுக் கஞ்சிபோலக் கிடந்தன. மேலே பதினான்காவது குளியலறையில் கை கழுவும் தொட்டிக்கான குழாய்வாய் திறந்தபடி. சீமெந்து போகாமலிருக்க நிலத்து வடிகால் அடைக்கப்பட்டிருந்ததால் தண்ணீர் அங்கே இறங்க வழியில்லை. அறை நிறைந்து, நடைபாதைக்கு வந்து, தட்டில் குழாய்க்காக விட்ட துவாரங்களால் நாலாம் மாடிக்கு இறங்கியிருக்கிறது. 5,000 லீற்றர் தாங்கி வெறுமையாக இருந்தது. மின்கம்பிகள் போகும் தட்டும் நனைந்ததால் அவற்றை உலரவிட்டு மறுபடியும் சோதிக்கவேண்டும் என்று மின்சாரப் பகுதியினர் கத்தினார்கள்.

சேர் என் தாளை எடுத்துப் பார்த்தார். பதினான்குக்கும் அடையாளம் இருந்தது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே பாஸிடம் திரும்பினார். "மிஸ் பார்த்தபோது மூடியிருந்திருக்கிறது. அதற்குப் பிறகு கழற்றியது யார்?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். பாஸ், "நான் கழற்றவில்லை" என்றார். "அப்படியென்றால் உன் ஆட்கள்." "அவர்களும் இல்லை, சேர்." "தாள் பொய் சொல்லுமா?" அந்த மாதத்து மேலதிக நேரக் கொடுப்பனவை வெட்டப்போவதாகவும், முகட்டுப் பலகையின் செலவில் ஒரு பங்கை அவர் கட்டவேண்டிவரும் என்றும் சொன்னார்.

பாஸ் என்னைப் பார்த்தார். கோபத்தோடு பார்த்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் பார்த்தது, இவள் கண்டிருந்தால் மூடி இருந்திருக்கத்தான் வேண்டும், அப்படியென்றால் என்ன நடந்திருக்கும் என்று உண்மையாகவே யோசித்துக்கொண்டு பார்த்த பார்வை. மூடி போட மறந்தது அவருடைய ஆள்தான். ஆனால் அதைப் பிடிப்பதற்காகத்தான் அந்தத் தாள். என் கையெழுத்து அவரைக் கள்ளனாக்கிவிட்டது.

நான் வாய் திறக்கவில்லை. அன்று முழுவதும் திறக்கவில்லை. சொன்னால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பயிற்சி நாளேட்டில் எழுதிவிடுவார்கள், அடுத்த முறை வடக்கிலிருந்து வரும் பெண் பிள்ளைக்கு இடம் கொடுக்கமாட்டார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த மூன்றாவது நியாயம் நல்ல வடிவான நியாயம். அதைத்தான் அதிகம் சொன்னேன்.

இரவு அம்மாவுக்கு அழைத்தேன். சொல்வதற்காக அழைக்கவில்லை. ஆனால் குரலிலேயே பிடித்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், நாலைந்து பெண்கள் இருப்பதாகச் சொன்ன பொய் உட்பட. அம்மா ஏசவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ அந்த அறையைக் கண்டனியோ?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா."

"பிறகு என்னெண்டு பிள்ளை கையெழுத்து வைச்சனி?"

இதே கேள்வியை அம்மா முன்பொருமுறை வேறொருவரிடம் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். 2011ஆம் ஆண்டு. நாங்கள் முகாமை விட்டு விசுவமடுப் பக்கம் திரும்பி வந்திருந்த காலம். 2009 மே மாதத்துக்குப் பிறகு அப்பாவை நாங்கள் காணவில்லை. காணிப் பத்திரம் அப்பாவின் பெயரில் இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லாதவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று 2010இல் சட்டம் வந்திருந்தது. அதை எடுத்தால் எல்லா அலுவலும் சுகமாக முடியும் என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். அங்கிருந்த ஐயா நல்லவர். படிவத்தைத் தானே நிரப்பி, பேனையையும் அம்மாவின் கையில் தந்தார். அம்மா வாசித்துப் பார்த்துவிட்டுப் பேனையை மேசையில் வைத்தார். "ஐயா, நான் காணாத ஒண்டுக்கு என்னெண்டு கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. உண்மையாகவே பதில் வேண்டும் என்று கேட்டதுபோல இருந்தது. அந்த ஐயாவும் பதில் சொல்லவில்லை.

கையெழுத்து வைத்தவர்கள் எங்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். அவர்களை அம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை. பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் வைத்தார்கள், அது அவரவர் மனதுக்குத் தெரிந்த விடயம் என்பார். ஆனால் தான் வைக்கவில்லை. அதனால் காணி அலுவல் வருடக்கணக்காக இழுபட்டது. இறந்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு 2016இல்தான் சட்டத்தில் வழி வந்தது. அந்த வருடங்களில் அம்மா கச்சான் வறுத்து விற்று எங்களைப் படிப்பித்தார்.

அம்மா தொலைபேசியில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "வடிவாத் தண்ணி குடிச்சிட்டுப் படு. விடிய முதல் வேலையா அதைச் சொல்லு" என்றார்.

காலை ஏழரை மணிக்கு சேரின் அறைக்கு முன்னால் போய் நின்றேன். ஆங்கிலத்தில் சொல்வதற்காக இரவு முழுவதும் தயாரித்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. "பதினான்காவது அறையை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் கையெழுத்து வைத்தேன்" என்பதை மட்டும் சொன்னேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நேற்றுக் காலையில் சொல்லியிருந்தால் அந்த மனிதனை நான் எல்லோருக்கும் முன்னால் ஏசியிருக்கமாட்டேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

ஏன் போகவில்லை என்று கேட்டார். அதைச் சொல்வதுதான் மற்றதைவிடக் கடினமாக இருந்தது. ஒரு ஆணிடம், அதுவும் அவரிடம், தண்ணீர் குடிக்காததையும் அதன் காரணத்தையும் எப்படிச் சொல்வது? சாட்டுச் சொல்கிறேன் என்று நினைப்பாரோ என்றும் இருந்தது. சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. "கழிப்பறை இருக்கிறதே" என்றார். எங்கே இருக்கிறது, போய்வர எவ்வளவு நேரம் என்று சொன்னேன். "இங்கே எத்தனை பெண்கள் வேலைசெய்கிறார்கள்?" என்று கேட்டார். ஏழு பேர் என்றேன். துப்புரவு வேலைக்கும் வர்ணம் பூசுவதற்கும் வரும் ஆறு பேர், நான் ஒருத்தி. எட்டு மாடிக் கட்டடத்தில் எத்தனை குழாய்வாய் என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மனிதருக்கு அந்த எண்ணிக்கை அன்றுதான் தெரிந்தது.

பாஸின் கொடுப்பனவை வெட்டவில்லை. மூடி போட மறந்ததற்காக அவருடைய ஆளுக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். எனக்கு, நடந்ததை இரண்டு பக்கத்தில் எழுதி நாளேட்டில் ஒட்டவேண்டும் என்றார்கள். பயிற்சி அதிகார சபையிலிருந்து பரிசோதிக்க வருபவரும் வாசிக்கட்டும் என்று சேர் சொன்னார். வந்தவர் வாசித்தார், அரை மணித்தியாலம் அதையே கேட்டார். சேர் அதற்குப் பிறகு இரண்டு வாரங்களுக்கு எந்தத் தாளையும் என்னிடம் தரவில்லை. அது நியாயம்தான்.

பாஸிடம் நேரே போய் என் அரைகுறைச் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டேன். சரி என்றார். ஆனால் நாலு நாட்கள் என்னை மிஸ் என்றே கூப்பிட்டார்.

அடிவயிற்று எரிவுக்கு மருந்தெடுக்கப் போனபோது, சிறுநீர்த் தொற்று, தண்ணீர் குடிக்காமலும் அடக்கிவைத்துக்கொண்டும் இருந்தால் இப்படித்தான் வரும் என்று டொக்டர் அம்மா ஏசினார். வயலிலும் கடையிலும் தொழிற்சாலையிலும் வேலைசெய்கிற சகோதரிகள் எத்தனை பேர் இப்படி இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வெட்கத்தைப் பார்க்காமல் மருந்தெடுங்கள். எனக்கு ஐந்து நாள் குளிசையில் சுகமாகிவிட்டது.

பெண்களுக்கான தற்காலிகக் கழிப்பறை இரண்டு வாரத்தில் மூன்றாம் மாடியில் வந்தது. உள்ளே கொண்டி, ஒரு வாளி, மூடியுள்ள குப்பைக்கூடை, எல்லாம் இருந்தன. துப்புரவு வேலைக்கு வந்த பதுளைப் பக்கத்து அக்கா அதைத் திறந்து பார்த்துவிட்டு, "நாங்க ஒன்றரை வருஷமா வாயால கேட்டோம் தங்கச்சி, கெடைக்கல. நீங்க தண்ணிய ஒழுக விட்டீங்க, கெடைச்சிருச்சி" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு வந்தது.

ஐந்தாம் மாடிக்கு மறுபடியும் சோதனை வைத்தது எனது எட்டாவது வாரத்தில். தாளை சேர் என்னிடமே தந்தார். ஒன்றும் சொல்லாமல்தான் தந்தார். நான் டோர்ச் லைற்றை எடுத்துக்கொண்டு முதலாவது குளியலறையிலிருந்து தொடங்கினேன். கண்ணால் பார்த்தது போதாது என்று பாஸ் சொல்லித் தந்திருந்தார். மூடியை விரலால் பிடித்துத் திருகிப் பார்க்கவேண்டும், இளக்கமாக இருந்தால் கைக்குத் தெரியும். ஒவ்வொரு அறையிலும் கை கழுவும் தொட்டி, குளிக்கும் குழாய், கழிப்பறைத் தொட்டி, பக்கத்துச் சிறுகுழாய் என்று நாலு வாய். 14 அறைக்கு 56. ஒன்பதாவது அறையில் ஒரு மூடி இளக்கமாக இருந்தது. கூப்பிட்டுச் சொன்னேன். பாஸ் வந்து இறுக்கிவிட்டு, தானும் என்னோடு நடந்தார். பதினான்காவது அறையில் அவர் வாசலில் நிற்க, நான் உள்ளே போய் நாலையும் திருகிப் பார்த்தேன். போன முறை பத்து நிமிடத்தில் முடித்த வேலைக்கு அன்று ஒன்றேகால் மணித்தியாலம் சென்றது.

மறுநாள் காலை கைப்பம்பியால் 9 பாருக்கு ஏற்றினார்கள். இரண்டு மணித்தியாலம் அமுக்கமானிக்கு முன்னால் ஒரு சீமெந்துப் பையின் மேல் இருந்தேன். முள் அசையவில்லை. சேர் வந்து பார்த்து, தன்னுடைய கையெழுத்தை என்னுடையதுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

"வா துவ, தேத்தண்ணி குடிப்பம்" என்று பாஸ் சிங்களத்தில் கூப்பிட்டார். அன்று நான் இரண்டு கோப்பை குடித்தேன்.